லினக்ஸ் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி டிவிடி ரைட்டர்: செருகுங்கள், எழுதுங்கள், சரிபாருங்கள்

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் ஒன்றைக் கவனிக்கிறார்கள். அதில் சிடி போடும் இடமே இல்லை. இப்போது விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. ஆனால் சிடியும் டிவிடியும் நம் வீட்டை விட்டு இன்னும் போய்விடவில்லை. கல்யாண வீடியோ டிவிடியில் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் பிலிமுடன் ஒரு சிடியும் சேர்த்துத் தருகிறார்கள். பழைய காரில் பாட்டுக் கேட்கவும் சிடிதான்.

இதற்கு வழி யுஎஸ்பி மூலம் இணைக்கும் டிவிடி ரைட்டர். கையடக்கமான தட்டை டிரைவ், ஒரே வயர். “என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறதே, அதில் இது வேலை செய்யுமா?” என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும், நன்றாகவே செய்யும். தவறுகள் நேர்வது வேறு இடங்களில். அவற்றில் சிலவற்றை நானே செய்து பாடம் கற்றேன்.

என் அப்பாவுக்கு முதுகு வலி. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தோம். எங்கள் ஊர் டாக்டர், “சிடி என்னிடம் இருக்கட்டும். உங்களுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள்” என்றார். நானும் புதிதாக வாங்கிய யுஎஸ்பி ரைட்டரில் ஒரு காப்பி எடுத்தேன். மூலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். காப்பியை எடுத்துக்கொண்டு அப்பாவுடன் மதுரைக்கு பஸ் ஏறினேன். மூன்று மணி நேரப் பயணம். முதுகு வலிக்காரரை உட்கார வைத்து அழைத்துப் போவது எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அங்கே டாக்டரின் உதவியாளர் சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “சார், இது ஓபன் ஆகலையே” என்றார். அடுத்த வாரம் மறுபடியும் அதே பயணம்.

தவறு ரைட்டரில் இல்லை. லினக்ஸிலும் இல்லை. என்னிடம் இருந்தது. அது என்ன தவறு என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் டிரைவை இணைப்போம்.

டிரைவர் வேண்டுமா?

வேண்டாம். ரைட்டருடன் வரும் சிடியில் இருப்பவை பெரும்பாலும் விண்டோஸுக்கான புரோகிராம்கள். அதை அப்படியே எடுத்து வைத்துவிடுங்கள்.

பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், டிவிடி ரைட்டர் ஆகிய மூன்றும் யுஎஸ்பியில் ஒரே பொது முறையில்தான் கம்ப்யூட்டருடன் பேசுகின்றன. இதற்கு ‘மாஸ் ஸ்டோரேஜ்’ என்று பெயர். இந்த முறையைப் புரிந்துகொள்ளும் பகுதி லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. எனவே எந்தக் கம்பெனி ரைட்டர் என்பது பெரும்பாலும் பிரச்சினை ஆவதில்லை. இணைத்தவுடன் அதற்கு ‘எஸ்ஆர்0’ என்ற பெயரை லினக்ஸ் கொடுக்கும். உள்ளே ஏற்கெனவே ஒரு சிடி டிரைவ் இருந்தால் இது ‘எஸ்ஆர்1’ ஆகும். எழுதும் புரோகிராம்கள் ‘எந்த டிரைவ்?’ என்று கேட்கும்போது இந்தப் பெயர்தான் உதவும்.

பழைய லினக்ஸ் பயனாளர்கள் சிலர் “சிடி எழுதுவது பெரிய தொல்லை” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஒரு காலத்தில் உண்மை. 2.4 கெர்னல் இருந்தபோது, கம்ப்யூட்டருக்கு உள்ளே பொருத்திய ஐடிஇ ரைட்டரை ‘ஸ்கசி’ வகை டிரைவ் போல நடிக்க வைக்கத் தனியாக செட்டிங் செய்ய வேண்டியிருந்தது. 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்ததும் அந்தத் தேவை நீங்கியது. இன்று உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அதைவிடப் பல தலைமுறை புதிய கெர்னல்.

ரைட்டரைச் செருகி ஏதாவது ஒரு பழைய சிடியைப் போடுங்கள். பைல் மேனேஜரின் இடப்பக்கத்தில் அதன் பெயர் தெரிந்தால் இணைப்பு சரி. தெரியவில்லை என்றால் டெர்மினலைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். இணைந்துள்ள யுஎஸ்பி சாதனங்களின் பட்டியல் வரும். அதில் உங்கள் ரைட்டருக்கான வரி இல்லை என்றால் கோளாறு வயரிலோ மின்சாரத்திலோ இருக்கிறது. லினக்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

முதல் எதிரி மின்சாரம்

நான் வீணாக்கிய முதல் இரண்டு டிஸ்க்குகள் இதனால்தான் வீணாகின. சிடி அழகாகச் சுற்றியது. அதில் இருந்த பைல்களும் திறந்தன. எழுதத் தொடங்கிச் சிறிது நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. டிரைவே பட்டியலில் இருந்து மறைந்துவிட்டது.

காரணம் எளிது. சிடியைப் படிக்க லேசர் ஒளி குறைந்த சக்தியில் இருந்தால் போதும். எழுதும்போது அதே லேசர், டிஸ்க்கில் பூசியுள்ள சாயத்தைச் சூடாக்கி அடையாளம் போட வேண்டும். அதற்குச் சக்தி அதிகம் தேவை. டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாரும் வேகம் எடுக்கும் நேரத்தில் அதிக மின்சாரம் இழுக்கும்.

யுஎஸ்பி 2.0 சாக்கெட் தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி 3.0 சாக்கெட் தருவது 900 மில்லி ஆம்பியர். இதன் உள்பகுதி பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். சில ரைட்டர்களுக்கு எழுதும் நேரத்தில் 500 போதாது. அதனால்தான் படிக்கும்போது ஒழுங்காக இருக்கும் டிரைவ் எழுதும்போது படுத்துவிடுகிறது.

இதைத் தவிர்க்கச் சில வழிகள்:

1. யுஎஸ்பி 3.0 சாக்கெட் இருந்தால் அதில் செருகுங்கள்.

2. ரைட்டருடன் இரண்டு தலை உள்ள வயர் தந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். ஒன்று தகவலுக்கு, மற்றது கூடுதல் மின்சாரத்துக்கு.

3. தனி அடாப்டர் இல்லாத யுஎஸ்பி ஹப்பில் ரைட்டரைச் செருகவே செருகாதீர்கள். யுஎஸ்பி 2.0 விதிப்படி அத்தகைய ஹப் ஒரு சாக்கெட்டுக்கு 100 மில்லி ஆம்பியர்தான் தரும். அடாப்டர் உள்ள ஹப் என்றால் பரவாயில்லை.

4. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் முன்பக்க சாக்கெட்டை விடப் பின்பக்க சாக்கெட் நல்லது. அது நேராக மதர்போர்டிலேயே இருக்கிறது.

5. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிக்கொள்ளுங்கள். எழுதி முடிக்கும் முன் ‘ஸ்லீப்’ நிலைக்குப் போய்விடாதபடி பவர் செட்டிங்கை மாற்றி வையுங்கள்.

நான் செய்தது மூன்றாவது தவறு. ஹப்பில் இருந்து எடுத்து நேராக லேப்டாப்பில் செருகினேன். அதன் பிறகு டிரைவ் ஒருமுறை கூட மறையவில்லை.

எந்த புரோகிராம்?

லினக்ஸில் மூன்று புரோகிராம்கள் பிரபலம். மூன்றும் இலவசம். உபுண்டு, டெபியன் போன்றவற்றின் சாப்ட்வேர் பட்டியலிலேயே கிடைக்கும்.

பிரேசெரோ: மிக எளிமையானது. திறந்தவுடன் ஆடியோ, டேட்டா, வீடியோ, டிஸ்க் காப்பி, இமேஜ் எழுதுதல் என்று ஐந்து பட்டன்கள் இருக்கும்.

கே3பி: வசதிகள் அதிகம். கேடிஇ டெஸ்க்டாப்புக்காக எழுதப்பட்டது. மற்ற டெஸ்க்டாப்களிலும் ஓடும்.

எக்ஸ்எஃப்பர்ன்: சிறியது. பழைய, மெதுவான கம்ப்யூட்டருக்கு ஏற்றது.

நான் பயன்படுத்துவது கே3பி. இது ஒரு முகப்புதான். உண்மையில் டிஸ்க்கில் எழுதுபவை பின்னணியில் ஓடும் சிறு புரோகிராம்கள். கே3பி திறக்கும்போது ‘இன்ன புரோகிராம் இல்லை’ என்று எச்சரித்தால், அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு சாப்ட்வேர் பட்டியலில் தேடி நிறுவிவிடுங்கள். எச்சரிக்கையை மூடிவிட்டு மேலே போனால் பாதி வழியில் நிற்க நேரும்.

பைல்களை எழுதும் முறை

நம் குடும்பப் போட்டோக்களை ஒரு டிவிடியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே போல்டரில் சேருங்கள். பென் டிரைவில் இருந்து நேரடியாக எழுத வேண்டாம். சிடியின் கொள்ளளவு 700 எம்பி. டிவிடியின் மேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும், 1024-ஆல் வகுத்துக் கணக்கிடும் புரோகிராமில் அது 4.38 ஜிபி அளவில்தான் காட்டும். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் 1000-ஆல் வகுக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கே3பியில் ‘நியூ டேட்டா ப்ராஜெக்ட்’ கிளிக் செய்யுங்கள். மேலே உள்ள பகுதியில் இருந்து போட்டோக்களைக் கீழே உள்ள பகுதிக்கு இழுத்து விடுங்கள். ‘பர்ன்’ பட்டனை அழுத்துங்கள். ஒரு விண்டோ வரும். அதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

வேகம்: உச்ச வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 8எக்ஸ் ரைட்டரில் நான் 4எக்ஸ் வைக்கிறேன். டிவிடியில் 1எக்ஸ் என்றால் விநாடிக்கு சுமார் 1.38 எம்பி. 4எக்ஸ் வேகத்தில் முழு டிவிடி எழுத ஏறக்குறைய 14 நிமிடம் ஆகும். ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

பைல் சிஸ்டம்: ‘லினக்ஸ் மற்றும் விண்டோஸ்’ என்ற பொருளில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சிடிக்கான அடிப்படை முறையின் பெயர் ஐஎஸ்ஓ 9660. அதில் பைல் பெயர்களுக்குக் கட்டுப்பாடு அதிகம். நீண்ட பெயர்களுக்காக விண்டோஸ் பக்கம் ‘ஜோலியட்’ என்ற இணைப்பும், யுனிக்ஸ் பக்கம் ‘ராக் ரிட்ஜ்’ என்ற இணைப்பும் வந்தன. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் எங்கும் பெயர்கள் சரியாகத் தெரியும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜோலியட்டில் ஒரு பெயருக்கு 64 எழுத்துகள் வரை இடம். ‘திருமணம்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு எட்டு. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் யுனிகோடு தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே தமிழ்ப் பெயர்களைச் சுருக்கமாக வையுங்கள்.

வெரிஃபை: ‘வெரிஃபை ரிட்டன் டேட்டா’ என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். எழுதி முடித்ததும் டிஸ்க்கை மீண்டும் படித்து, கொடுத்த தகவலுடன் ஒப்பிட்டுப் பார்க்கும். நேரம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

நான் செய்த தவறு

இனி மதுரைக் கதைக்கு வருகிறேன்.

அப்பாவின் ஸ்கேன் சிடியைத் திறந்து, அதில் இருந்த எல்லாவற்றையும் ‘அப்பா ஸ்கேன்’ என்று ஒரு போல்டர் போட்டு அதற்குள் காப்பி செய்தேன். பிறகு அந்த போல்டரை அப்படியே இழுத்து விட்டுப் புது சிடியில் எழுதினேன். வெரிஃபையும் செய்தேன். ‘வெற்றி’ என்றுதான் வந்தது. ஆனாலும் டாக்டரின் கம்ப்யூட்டரில் படங்கள் திறக்கவில்லை.

ஸ்கேன் படங்கள் ‘டைகாம்’ என்ற வடிவத்தில் இருக்கும். அந்த சிடியில் ‘டைகாம்டிர்’ என்று ஒரு பைல் இருக்கும். புத்தகத்தின் பொருளடக்கம் போன்றது அது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்பதை அதைப் பார்த்துத்தான் டாக்டரின் புரோகிராம் தெரிந்துகொள்கிறது. அந்த பைல் சிடியின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரு போல்டருக்குள் தள்ளியதால், பொருளடக்கம் ஒரு படி கீழே போய்விட்டது. புரோகிராம் வாசலில் தேடியது. பொருள் உள் அறையில் இருந்தது.

வெரிஃபை ஏன் இதைக் கண்டுபிடிக்கவில்லை? அதன் வேலை அது இல்லை. நான் கொடுத்தது டிஸ்க்கில் சரியாக ஏறியதா என்று மட்டும்தான் அது பார்க்கும். நான் கொடுத்ததே சரிதானா என்று அதற்குத் தெரியாது.

சரியான வழி, முழு டிஸ்க்கையும் அச்சு அசலாகக் காப்பி எடுப்பது. கே3பியில் ‘காப்பி மீடியம்’, பிரேசெரோவில் ‘டிஸ்க் காப்பி’. ஒரே ஒரு ரைட்டர் இருந்தாலும் போதும். மூல டிஸ்க்கைப் படித்து, அதன் முழு உருவத்தையும் இமேஜ் பைலாக ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். பிறகு மூல டிஸ்க்கை வெளியே தள்ளி, காலி டிஸ்க் கேட்கும். சிடிக்கு 700 எம்பி, டிவிடிக்கு 4.7 ஜிபி இடம் ஹார்ட் டிஸ்க்கில் காலியாக இருக்க வேண்டும். இமேஜை எங்கே வைப்பது என்று கேட்கும் இடத்தில் உங்கள் ஹோம் போல்டரைக் காட்டுங்கள். சில லினக்ஸ் பதிப்புகளில் தற்காலிக போல்டர் ராமில் இருக்கும். டிவிடி அளவு பைலுக்கு அங்கே இடம் போதாமல் போகலாம்.

ஸ்கேன் படங்களை உங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரிலேயே பார்த்துச் சோதிக்கவும் முடியும். சிடியுடன் வரும் பார்வை புரோகிராம் பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடும். அதற்குப் பதிலாக ‘வீயாசிஸ்’ என்ற இலவச புரோகிராமை லினக்ஸில் நிறுவிக்கொள்ளலாம்.

ஐஎஸ்ஓ பைலை எழுதும்போது

புதியவர்கள் அதிகம் செய்யும் இன்னொரு தவறும் இதே வகைதான். லினக்ஸ் இன்ஸ்டால் செய்ய ஐஎஸ்ஓ பைல் டவுன்லோட் செய்வார்கள். அதை டேட்டா ப்ராஜெக்டில் இழுத்து விட்டு எழுதிவிடுவார்கள். டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே அந்த ஒரு பைல் மட்டும் இருக்கும். கம்ப்யூட்டர் அதில் இருந்து பூட் ஆகாது.

ஐஎஸ்ஓ என்பதே ஒரு டிஸ்க்கின் முழு உருவம். அதை ‘பர்ன் இமேஜ்’ மூலம்தான் எழுத வேண்டும். சரியாக எழுதியிருந்தால் டிஸ்க்கைத் திறக்கும்போது பல போல்டர்கள் தெரியும். ஒரே பைல் தெரிந்தால் தவறாக எழுதிவிட்டீர்கள் என்று பொருள். எழுதும் முன் ஐஎஸ்ஓவின் அளவையும் பாருங்கள். இன்றைய உபுண்டுவின் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ சாதாரண டிவிடிக்குள் அடங்காது. அதற்குப் பென் டிரைவ்தான் வழி.

சில சந்தேகங்கள்

காலி டிஸ்க் போட்டும் புரோகிராம் கண்டுகொள்ளவில்லையே?

டிஸ்க்கை வெளியே எடுத்து மீண்டும் போட்டு அரை நிமிடம் காத்திருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் வேறு கம்பெனி டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். டிவிடி ரைட்டரில் புளூரே டிஸ்க் போட்டால் எழுதாது என்பதையும் மறக்க வேண்டாம்.

‘அனுமதி இல்லை’ என்று வருகிறதே?

இன்றைய டெஸ்க்டாப்களில் லாகின் செய்திருக்கும் பயனாளருக்கு இந்த அனுமதி தானாகவே கிடைத்துவிடும். உபுண்டுவிலும் டெபியனிலும் கிடைக்காவிட்டால் உங்கள் யூசர் பெயரை ‘சிடிராம்’ என்ற குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள்.

எழுதும்போது மற்ற வேலைகள் செய்யலாமா?

2000-ஆம் ஆண்டுக்கு முன்பு செய்யவே கூடாது. தகவல் வருவது ஒரு நொடி தடைபட்டாலும் டிஸ்க் பாழாகிவிடும். அந்த ஆண்டு சான்யோ நிறுவனம் ‘பர்ன் ப்ரூஃப்’ என்ற முறையைக் கொண்டு வந்தது. தகவல் தீர்ந்தால் லேசர் நின்று, விட்ட இடத்தில் இருந்து தொடரும். இப்போதைய ரைட்டர்களில் இது போன்ற பாதுகாப்பு இருக்கிறது. கடிதம் டைப் செய்யலாம். ஆனால் பெரிய பைல்களை அதே நேரத்தில் காப்பி செய்யாமல் இருப்பது நல்லது.

பழகிப் பார்க்க எந்த டிஸ்க் வாங்குவது?

ஒரே ஒரு ஆர்டபிள்யூ வகை டிஸ்க் வாங்குங்கள். பலமுறை அழித்து அழித்து எழுதலாம். கை பழகிய பிறகு ஆர் வகை டிஸ்க்கில் எழுதுங்கள்.

டிஸ்க்கின் மேல் பெயர் எழுதலாமா?

மிருதுவான மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா கூடாது. சிடியில் தகவல் இருக்கும் அடுக்கு, பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அழுத்தி எழுதினால் அதுவே கெட்டுவிடும். டிஸ்க்கை வெயில் படும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை

‘வெற்றிகரமாக முடிந்தது’ என்ற செய்தி வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மூன்று படிகள் உண்டு. புரோகிராமின் வெரிஃபை முதல் படி. டிஸ்க்கை வெளியே எடுத்து மீண்டும் போட்டு, இரண்டு மூன்று பைல்களைத் திறந்து பார்ப்பது இரண்டாவது படி. வேறொரு கம்ப்யூட்டரில், முடிந்தால் விண்டோஸ் உள்ள ஒன்றில், திறந்து பார்ப்பது மூன்றாவது படி. பக்கத்து வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ ஐந்து நிமிட வேலை அது. அந்த மூன்றும் முடியும்வரை மூலத்தைக் கையை விட்டு விடாதீர்கள். போட்டோக்களை ஹார்ட் டிஸ்க்கில் இருந்து அழித்துவிடவும் வேண்டாம்.

இரண்டாவது முறை மதுரைக்குப் போகும் முன், புது காப்பியைப் பக்கத்து வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டேன். அப்பாவின் முதுகெலும்பு வரிசையாகத் திரையில் தெரிந்தது. “இதைப் போன வாரமே பார்த்திருந்தால் எனக்கு ஒரு பஸ் பயணம் மிச்சம்” என்றார் அப்பா.

அவர் சொன்னது சரிதான். அந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் மிச்சம் பிடிக்காதீர்கள்.